ஜி. டி. நாயுடு: யந்திரத்தைத் திறந்து பார்த்தவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் விடியற்காலையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். பஸ்கள் வரிசை வரிசையாக வந்து, சீருடையணிந்த வாலிபர்களையும் இளம் பெண்களையும் தொழிற்சாலை வாயில்களில் இறக்கிவிட்டுச் செல்கின்றன. உலகமெங்கும் விலையாகும் கைபேசிகள் இவ்வட்டாரத்தில் பூட்டப்படுகின்றன. மோட்டார் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இங்கே உருவாகின்றன. தமிழ்நாட்டுக் கைத்தொழிலின் சரித்திரத்தில் இது பெருமைக்குரிய அத்தியாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பெருமைப்படும் ஜனசமூகம் தன்னைத்தானே ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. இப்பொருள்களைப் பூட்டும் கைகள் அவற்றைப் பிரித்துப் பார்த்ததுண்டா? உள்ளேயிருப்பது இன்னதென்று அறிய அவர்களுக்கு வழி செய்யப்பட்டிருக்கிறதா?

இதே கேள்வி இன்று நம் வீட்டுச் சுவருக்கும் வந்திருக்கிறது. மின்சாரத்தை அளக்கும் பழைய மீட்டரை எடுத்துவிட்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதா, வேண்டாமா என்னும் விவாதம் தேசமெங்கும் நடைபெற்று வருகிறது. ஆதரிப்போரிலும் எதிர்ப்போரிலும் அந்தப் பெட்டிக்குள் நிகழ்வது என்ன என்று அறிந்தவர்கள் வெகு சிலரே. இவ்விரண்டையும் ஒருங்கே சிந்திக்கும்போது நம் மனத்தில் தோன்றும் உருவம் காலஞ்சென்ற ஸ்ரீ ஜி. டி. நாயுடு அவர்களுடையது. 2025 அக்டோபர் மாதத்தில் கோயமுத்தூர் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பாலத்தின்மீது செல்பவர்கள் அப்பெயருக்குரியவர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ந் தேதி கோயமுத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் கிராமத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் மனம் செல்லவில்லை. ஆரம்பப் படிப்போடு அதை விட்டு வெளியேறினார். தகப்பனாரின் நிலத்தில் வேலை செய்துகொண்டும், கிடைத்த புஸ்தகங்களைத் தாமே படித்துக்கொண்டும் காலம் கழித்தார். அக்காலத்தில் நம் கிராமங்களில் இத்தகைய பிள்ளையை உருப்படாதவன் என்று சொல்லிவிடுவது வழக்கம்.

ஒருநாள் ஆங்கிலேய ரெவினியூ அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் இன்றி, குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட வாலிபர் பிரமித்து நின்றார். பிரமித்தவர்கள் ஊரில் அநேகர் இருந்திருப்பார்கள். அது எவ்வாறு ஓடுகிறது என்று அறிந்தே தீர வேண்டுமென்ற பிடிவாதம் இவர் ஒருவருக்கே ஏற்பட்டது. கையில் பணமில்லை. கோயமுத்தூருக்குச் சென்று ஒரு ஹோட்டலில் பரிமாறுபவராக அமர்ந்தார். எச்சில் இலைக்கும் அஞ்சாமல் உழைத்துச் சம்பளத்தைச் சேர்த்தார். சேர்த்த பணத்தைக் கொண்டு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம் ஏறி உலாவியதன்று. அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பிறகு ஒவ்வோர் உறுப்பையும் உரிய இடத்தில் திரும்பப் பொருத்தினார். அன்றே அவர் மெக்கானிக் ஆனார். சர்வகலாசாலை எதுவும் அவருக்குப் பட்டமளிக்கவில்லை. திரும்ப ஓடிய வண்டியே அவருக்குச் சாட்சிப் பத்திரமாயிற்று.

இச்சம்பவத்தை நம்மவர்கள் சிறுவர் கதையாகச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடுகிறார்கள். இதில் பெரியதொரு தத்துவம் அடங்கியிருக்கிறது. அன்னியர் செய்த பொருளை விலைகொடுத்து வாங்குவதால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது. பிரித்துப் பூட்டத் தெரிந்தவனே அதற்கு உண்மையில் உடையவன். தெரியாதவன் பழுதானபோதெல்லாம் மற்றொருவன் வாயிலில் காத்து நிற்பான். சுதேசியம் என்னும் விரதத்தின் சாரமும் இதுவே.

1920-ஆம் வருஷத்தில் நாயுடு ஒரே ஒரு மோட்டார் பஸ்ஸைக் கொண்டு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். கோயமுத்தூரின் பிரபல வர்த்தகர் ஸ்டேன்ஸ் இதற்கு உதவி புரிந்தார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பஸ்ஸை நாயுடுவே ஓட்டினார். முதலாளியும் டிரைவரும் மெக்கானிக்கும் ஒருவரே. வழியில் வண்டி நின்றால் யாரையும் அழைத்துவரத் தேவையில்லை. சில ஆண்டுகளில் அவருடைய யுனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ், காலந்தவறாமைக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்ற ஸ்தாபனமாக வளர்ந்தது.

பணம் சேர்ந்தபின் பலர் மாடமாளிகை கட்டுவார்கள். நாயுடு தொழிற்கூடம் கட்டினார். பிற நாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைக் கண்ணாற் கண்டார். ஜெர்மனியில் இருந்தபோது உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டாரை வைத்து ரஸாந்த் என்னும் க்ஷவர யந்திரத்தை உருவாக்கினார். மிக மெல்லிய க்ஷவர பிளேடுகள், சினிமாக் காமிராவில் தூரத்தைச் சரிப்படுத்தும் கருவி, பழரசம் பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி என்று அவர் செய்தவற்றின் ஜாபிதா நீளும். மின்சாரம் எட்டாத கிராமத்து வீட்டிலும் விசிறி சுழல வேண்டுமென்று எண்ணிய உள்ளத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். புகைப்படக் கலையும் அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தார். மகாத்மா காந்தி, ஜவஹர்லால் நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகிய தலைவர்களையும் தம் காமிராவில் பதிவு செய்தார்.

1932-ல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. கோயமுத்தூர் ஜில்லாவின் பஞ்சாலைகளுக்கும் தோட்டக் கிணறுகளுக்கும் மின்சாரம் வரலாயிற்று. மின்சாரம் நம் மலையிலிருந்து வந்தது. அதனால் சுழலும் மோட்டாரோ கப்பலில் வந்தது. இந்த முரண்பாட்டை நாயுடு பொறுக்கவில்லை. 1937-ல், டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் மற்றொரு நிபுணருடன் சேர்ந்து, பீளமேட்டிலிருந்த தமது தொழிற்சாலையில் இந்தியாவின் முதலாவது சுதேசி மின்சார மோட்டாரை உற்பத்தி செய்தார். இன்று பாரததேசமெங்கும் வயல்களில் தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டுகளுக்குக் கோயமுத்தூர் பெயர் பெற்றிருப்பதற்கு அன்று இடப்பட்ட வித்து ஒரு காரணம். பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவியதும் யாவரும் அறிந்ததே.

1941-ல் யுத்தம் மூண்டிருந்த வேளையில், ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியுமென்று நாயுடு அறிவித்தார். ரேடியோ தனவந்தர் வீட்டுக் கூடத்தை அலங்கரித்த காலம் அது. வால்வு என்பது காற்றகற்றிய கண்ணாடிக் குழல். மிக நுண்ணிய மின்னலையைப் பெருக்கிக் காட்டுவது. 1947-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்ஸிஸ்டர் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. அந்த டிரான்ஸிஸ்டர்கள் கோடிக்கணக்கில் நகத்தளவு சில்லில் அடங்கியதே இன்றைய கைபேசி. ஆகவே, ஸ்ரீபெரும்புதூரில் இன்று நடக்கும் தொழிலின் வாயிலை 1941-லேயே கோயமுத்தூர்க்காரர் ஒருவர் தட்டினார் என்று சொல்வது மிகையாகாது.

1944-ல் தமது மோட்டார் தொழிலின் நேரடி நிர்வாகத்திலிருந்து விலகிய நாயுடு, ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பின்தங்கிய வகுப்பினருக்கும் உதவித் திட்டங்களை அறிவித்தார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயமுத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியற் கலாசாலையும் தோன்றின. அன்றைய சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரைத் தாங்கிய அக்கலாசாலையே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் பொறுப்பிலிருந்த நாயுடுவுக்கும் அதிகாரிகளுக்கும் அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. நான்கு வருஷப் படிப்பு காலவிரயம். இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. ஆட்சியினர் இதை ஏற்கவில்லை, நாயுடு விலகினார். வருஷக் கணக்கைப் பற்றி அவருடன் நாம் மாறுபடலாம். அவர் சுட்டிய குறை மட்டும் மறையவில்லை. யந்திரத்தைத் தொடாமலே பட்டம் பெறுவோர் இன்றும் உண்டு.

சுதந்திரம் வந்தது. 1952-ல் இருவர் அமரக்கூடிய சிறு மோட்டார் காரை 2,000 ரூபாய் விலையில் நாயுடு வெளியிட்டார். நம்மவர்கள் ஆட்சியில் இது போற்றப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சர்க்கார் லைசென்ஸ் தர மறுத்தமையால் உற்பத்தி நின்றது. அன்னிய ஆட்சியின்கீழ் மோட்டார் செய்ய முடிந்தவருக்குச் சுய ஆட்சியின்கீழ் கார் செய்ய அனுமதி கிட்டவில்லை என்பதைத் தேசபக்தர்கள் வருத்தத்தோடு நினைவில் வைக்க வேண்டும். வரிச்சுமையையும் அதிகாரத் தடைகளையும் கண்டித்து அவர் தாம் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கியதும் உண்டு. இக்காரியத்தை நாம் ஆதரிக்க இயலாது. உடைந்த ரேடியோ யாருக்கும் பாடம் சொல்லாது. அதே ரேடியோ ஒரு பள்ளிக்கூடத்து மேஜையில் திறந்து வைக்கப்பட்டிருந்தால் பத்துப் பிள்ளைகளுக்குக் குருவாக அமைந்திருக்கும். எனினும், செய்யத் தெரிந்தவனைச் செய்யவிடாமல் தடுத்தால் மனம் எவ்வளவு கொதிக்கும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சாட்சி.

நாயுடு செய்தவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துக் கூற விரும்புகிறோம். மோசடி செய்ய இடந்தராத வாக்குப்பதிவு யந்திரம் ஒன்றை அவர் அமைத்தார். மாகாணத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோல்வியுற்ற அனுபவமும் அவருக்குண்டு. எண்ணுகிற கருவியை ஜனங்கள் நம்ப வேண்டும் என்ற பிரச்னையை அவர் வெகு முன்பே உணர்ந்தார். பிற்கால நிகழ்ச்சிகள் அவர் கவலை நியாயமானது என்று காட்டின. 1982-ல் கேரளத்துப் பரவூர்ச் சட்டசபைத் தொகுதியின் தேர்தலில் முதன்முதலாக எலெக்ட்ரானிக் வாக்கு யந்திரங்கள் உபயோகிக்கப்பட்டன. 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு, யந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வாக்குச் சாவடிகளில் மறு வாக்குப்பதிவு நடக்கவேண்டியதாயிற்று. 1989-ல் அமலுக்கு வந்த திருத்தத்தின் பின்னரே யந்திரத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2013-ல் அதே நீதிமன்றம், வாக்களித்தவர் தம் வாக்கைத் தாமே காகிதத்தில் கண்டறிய வழி செய்யவேண்டுமென்று விதித்தது. இதிலிருந்து நாம் பெறும் நியாயம் எளிது. எண்ணும் யந்திரம் யோக்கியமாக இருந்தால் மட்டும் போதாது. யாரைப் பற்றி எண்ணுகிறதோ அவரும் சரிபார்த்துத் திருப்தியடையக் கூடியதாக இருக்க வேண்டும்.

1974 ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். இந்தியாவின் எடிசன் என்று அவரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவர் சேகரித்தவையும் செய்தவையும் கோயமுத்தூரில் அவர் குடும்பத்தார் நடத்தும் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவருக்குரிய உண்மையான ஞாபகச் சின்னம் காட்சிசாலைக்கு வெளியே அமைய வேண்டும்.

இப்போது ஒரகடம் சாலைக்குத் திரும்புவோம். 2006-ல் நோக்கியா கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தபோது நாடே கொண்டாடியது. கோடிக்கணக்கான கைபேசிகள் அங்கிருந்து புறப்பட்டன. வருமான வரித் தகராறு எழுந்தது. கம்பெனியின் கைபேசித் தொழிலை மைக்ரோஸாப்ட் 2014-ல் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய அத்தொழிற்சாலை மட்டும் விடுபட்டுப்போயிற்று. 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். கைபேசியை வருஷக்கணக்காகப் பூட்டியவர்கள், அதே தொழிலைத் தாமாக ஒரு சிறு பட்டறையில் தொடர முடியவில்லை. ஏனெனில் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது ஒரு திருகாணியும் ஒரு சோதனையுமே. பின்னர் வேறு பெரிய கம்பெனிகள் வந்தன, வேலையும் வந்தது. 2019 முதல் ஐபோன்களும் இவ்வட்டாரத்தில் பூட்டப்படுகின்றன. வந்தவர்களை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒருவர் புறப்பட்டுப் போனால் நம்மிடம் மிஞ்சும் வித்தை என்ன என்று கணக்கெடுக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

ஸ்மார்ட் மீட்டர் விவாதத்தையும் இந்த நோக்கோடு ஆராய வேண்டும். பழைய மீட்டரில் அலுமினியத் தகடு ஒன்று சுழலும். சுற்றுக்களின் எண்ணிக்கையே யூனிட்டின் கணக்கு. புதிய மீட்டரில் ஒரு சில்லு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இடைவிடாது அளந்து பெருக்கிக் கூட்டுகிறது. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை பதியும் அக்கணக்கை வானொலி அலை மூலம் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் அதனுள் இருக்கிறது. 2021-ல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டத்தின் இலக்கு 25 கோடி மீட்டர்கள். தமிழ்நாட்டில் சுமார் 82 லட்சம் மீட்டர்களுக்கு நான்கு பகுதிகளாகக் கோரப்பட்ட ஒப்பந்தப் புள்ளிகளில், சென்னை முதலிய எட்டு ஜில்லாக்களுக்குரிய பகுதி, கேட்கப்பட்ட விலை அதிகமென்று 2024 டிசம்பர் இறுதியில் ரத்தாயிற்று. அதே வருஷம் மே மாதத்தில் குஜராத்தின் வடோதராவில் ஜனங்கள் இம்மீட்டர்களை எதிர்த்துக் கிளம்பினர். ஜூன் மாதத்தில் மகாராஷ்டிர சர்க்கார், சாதாரண வீடுகளுக்கு முன்பணம் செலுத்தும் மீட்டர் பொருத்துவதில்லை என்று அறிவித்தது.

மின்வாரியத்தின் பக்கம் நியாயம் உண்டு. திருட்டும் நஷ்டமும் தெரிய வேண்டும்; வீடு வீடாகச் சென்று குறிக்கும் கணக்கில் தவறு நேர்கிறது. ஜனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. முன்பணம் தீர்ந்த நள்ளிரவில் விளக்கு அணையுமா, மாலை நேரத்து மின்சாரத்துக்கு விலை உயருமா, கணக்கெடுக்கும் ஊழியர்களின் வேலை என்னாகும், இலவச மின்சாரம் பெறும் விவசாயியின் சலுகை நீடிக்குமா என்னும் அச்சங்களை அறியாமை என்று தள்ளுவது தகாது. 2023-ல் வெளியான மத்திய விதிகளே, உச்ச நேரத்துக்கு 10 முதல் 20 சதவிகிதம் அதிகமும் சூரிய ஒளி நேரத்துக்கு அதே அளவு குறைவுமாக விலை வைக்க வகை செய்திருக்கின்றன.

சட்டம் அளித்திருக்கும் பாதுகாப்புகளையும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டும். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 55-வது பிரிவு, சரியான மீட்டரின் மூலமே மின்சாரம் வழங்கவேண்டும் என்கிறது. மீட்டரைத் தாமே விலைக்கு வாங்கிக்கொள்ளும் உபயோகிப்பாளரையும் அப்பிரிவு அங்கீகரிக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதியின்படி, மீட்டர் கணக்கில் சந்தேகமென்று புகார் செய்தால் 5 நாட்களுக்குள் மற்றொரு மீட்டரை உடன் பொருத்தி, 3 மாதங்களுக்குக் குறையாமல் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இவ்விதியை எத்தனை பேர் உபயோகித்திருக்கிறார்கள்?

இன்னொன்றையும் வக்கீல் என்ற முறையில் சொல்லி வைக்கிறோம். சுவரிலுள்ள மீட்டரின் முத்திரையை உடைப்பது குற்றம், உயிருக்கும் ஆபத்து. நாயுடுவின் வழியைப் பின்பற்ற அது தேவையுமில்லை. மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு மினுக்குவதையும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அருகில் அச்சிட்டிருப்பதையும் காணலாம். வீட்டிலுள்ள மற்றவற்றை நிறுத்திவிட்டு ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டால், மீட்டர் ஏறக்குறைய ஒரு யூனிட் காட்ட வேண்டும். இப்பரீட்சையைப் பத்து வயதுப் பிள்ளையும் தகப்பனார் துணையோடு செய்யலாம். சென்னை ரிச்சி தெருவில் சில்லுகளும் சிறு பலகைகளும் வாங்கிவந்து, தம் அறையில் அளவைக் கருவி பூட்டிப் பார்க்கும் வாலிபர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வீண் பொழுது போக்குவோர் என்று எண்ண வேண்டாம். ரட்ஜ் வண்டியைப் பிரித்தவரின் வாரிசுகள் அவர்கள்.

ஆகவே, மின்வாரியமும் சர்க்காரும் செய்ய வேண்டுவன மூன்று. பொருத்தப்போகும் மீட்டரின் அமைப்பையும் கணக்கிடும் முறையையும் தமிழில் வெளியிடட்டும். ஒவ்வொரு ஐ. டி. ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் அந்த மீட்டர் ஒன்றைத் திறந்த நிலையில் வைத்து, மாணவரும் ஊராரும் சோதித்துப் பார்க்கச் செய்யட்டும். இத்தனை கோடி கைபேசிகளைப் பூட்டும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மீட்டர்களின் வடிவமைப்பும் நம்மவர் கையாலேயே நடக்க ஊக்கமளிக்கட்டும். இம்மூன்றையும் செய்தபின் பொருத்தும் மீட்டரை ஜனங்கள் எதிர்க்க மாட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ஸ்ரீ ராமாநுஜர் பிறந்த ஊர். குருவிடம் அரிதிற் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மீதேறி யாவரும் கேட்க அவர் வெளியிட்டார் என்று மரபு கூறும். அவ்வூரிலேயே மூடிய பெட்டிகள் கோடிக்கணக்கில் தயாராவதும், அவற்றின் ரகசியம் தயாரிப்பவர்களுக்கே எட்டாமலிருப்பதும் நமக்குச் சோபிதமல்ல. கலங்கல் கிராமத்து வாலிபர் ஒருவர் ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டினார். கோயமுத்தூரில் ஒரு தொழிலே பிறந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் இன்று பல்லாயிரம் வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் திருகாணி முடுக்கி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொண்டு திறக்கவும் அவர்களுக்கு அனுமதி வேண்டும்.